ரேவன்ஸ்லாக் என்று சொன்னவன்

6

கதவு சாத்திய சத்தம் ஒரு தடவை கேட்டது. பூட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது தடவை அநாவசியம் என்று எனக்குப் பட்டது.

"கிளைவ், பேசி முடிச்சதும் தட்டறோம்," என்றார் பெர்னிஸ் ஹார்ட்லி.

"தட்டுங்க மேடம். சாவி என்கிட்டதான் இருக்கு," என்றது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த குரல்.

பெர்னிஸ் ஹார்ட்லி என் முதலாளி. லீட்ஸில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நிறுவனம் என்றால் அவர், நான், ஒரு கெட்டில். அதற்கு முன் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, எரியாத வீடுகளுக்கும் திருடு போகாத நகைகளுக்கும் வந்த மனுக்களைப் படித்தவர். யாராவது உண்மை பேசினால் சற்றுத் திகைத்துப்போவார். நான் அவருடைய உதவியாளன். பெயர் ஸ்மித். இங்கிலாந்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் ஒரு ஸ்மித் மேல் விழும். அவன் கோபத்தில் திருப்பி எறிந்தால் இன்னொரு ஸ்மித் மேல் விழும்.

நாங்கள் பூட்டப்பட்ட இடம், ஹெப்பர் பள்ளத்தாக்கின் ஒரே மதுக்கடையான 'கிடா'வின் மாடி. கம்பளி மூட்டை அடுக்கும் அறை. ஏறி வர வெளியே ஒரு கல்படி. ஜன்னல் என்று ஒன்று இருந்தது. அதன் வழியே ஒரு பூனை தப்பிக்கலாம், காலையில் சாப்பிடாத பூனையாக இருந்தால்.

மூட்டைகளுக்கு நடுவே ஆமோஸ் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, கைகள் மட்டும் அறுபது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, உட்காரச் சொல்லி ஒரு மூட்டையைத் தட்டிக் கொடுத்தான். சிறையில் இருப்பவன் விருந்தாளியை உபசரிப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். முந்தாநாள் காலை மூடுபனியில், மேய்ச்சல் மேட்டின் எல்லைக்கல் பக்கத்தில், பள்ளத்தாக்கின் மூத்த மேய்ப்பரான ஏனோக் மண்டை உடைந்து கிடந்தார். அதே நேரம் அந்த மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தவர் டாக்டர் ஆஷ்காம்ப், லண்டனிலிருந்து குடும்பப் பெயர்களை ஆராய வந்தவர். பனிக்குள்ளிருந்து இறங்கி வந்த ஆளை யார் என்று கேட்டிருக்கிறார். ஆமோஸ் என்று சொல்லிவிட்டு அந்த ஆள் மறுபடி பனிக்குள் போய்விட்டான். பள்ளத்தாக்கில் ஆமோஸ்கள் நான்கு பேர். ஒருவர் படுத்த படுக்கை, ஒருவன் கப்பலில், ஒருவன் மூன்றாம் வகுப்பு. மிச்சம் இவன். ஒரு கிடாவுக்காகப் போன வாரம் ஏனோக்கோடு ஊர் கேட்கச் சண்டை போட்டவனும் இவன்தான்.

போலீஸுக்குப் போன் போனது. ஆமோஸின் மனைவி ரூத் எங்களுக்கும் ஒரு போன் செய்தாள். அதோடு போன் கம்பம் சாய்ந்தது. நேற்று மதியம் எங்கள் கார் பாலத்தைக் கடந்தது. கொஞ்ச நேரத்தில் பாலமும் கடந்துவிட்டது, ஆற்றோடு. அப்போதிலிருந்து உள்ளே இருப்பவன் வெளியே போக வழியில்லை, வெளியே இருப்பவன் உள்ளே வர வழியில்லை. மேலே பனி, கீழே வெள்ளம், நடுவில் மழை. ஏனோக் கடையின் சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையில் நினைவில்லாமல் கிடந்தார். தண்ணீர் இடுப்பளவு வடிந்ததும் போலீஸ் டிராக்டரில் வரும், ஆமோஸைக் கொண்டுபோகும். ஒரு படித்த மனிதரின் சாட்சி, ஒரு பழைய சண்டை. கொலை முயற்சிக்கு அதுவே தாராளம்.

அதுவரை அவனைப் பூட்டி வைப்பது என்று கடையில் கூடிய ஆட்கள் முடிவு செய்தார்கள். முடிவு செய்தார்களே தவிர, சாவியை யாரும் கையில் எடுக்கவில்லை. பெரியப்பா பிள்ளையைப் பூட்ட யாருக்கு மனசு வரும். கடைசியில் எடுத்தவர் கிளைவ். கடைக்காரி திர்சாவின் கணவர். இருபத்தாறு வருடத்துக்கு முன் நார்விச் பக்கத்துச் சமவெளியிலிருந்து வந்து திர்சாவைக் கட்டிக்கொண்டவர். கட்டிக்கொண்டதோடு நில்லாமல் அவளுடைய குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார். ரேவன்ஸ்லாக்.

"அன்னிக்குக் காலையில எங்க இருந்தீங்க ஆமோஸ்?" என்றார் பெர்னிஸ்.

"ஓடை இறக்கத்துல. ஒரு பெட்டையாடு காணோம், தேடிட்டு இருந்தேன்."

"யாராச்சும் பார்த்தாங்களா?"

"ஆடு பார்த்துச்சு."

பெர்னிஸ் கைப்பையிலிருந்து பன்றிக்கறி அடைத்த ஒரு பணியாரத்தை எடுத்து இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை ஆமோஸிடம் கொடுத்தார். எனக்கு மணம் மட்டும் வந்தது.

நான் ஜன்னலுக்குப் போனேன். கடையின் பின்கொல்லை தெரிந்தது. அங்கே ஆறு ஆடுகள் மழையில் நின்றிருந்தன. இந்தப் பள்ளத்தாக்கின் ஆடுகளுக்கு மூஞ்சி கரிப்பானை மாதிரி இருக்கும். இவை முகமெல்லாம் வெள்ளை, பவுடர் போட்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பினது போல.

"இதென்ன, சோப்பு விளம்பரமா?" என்றேன்.

ஆமோஸ் முதல் தடவையாகச் சிரித்தான். கிளைவ் போன வாரம் வாங்கிய ஆடுகளாம். சமவெளி ஜாதி. மேட்டுக் காற்றில் ஒரு குளிர்காலம் தாங்காது. ஊரில் அவற்றுக்குக் கல்யாணப்பொண்ணுங்க என்று பெயர்.

"கடை நடத்தறவருக்கு ஆடு எதுக்கு?" என்றார் பெர்னிஸ்.

நவம்பரில் மேய்ப்பர் கூட்டம் நடக்கும் என்றான் ஆமோஸ். வழிதவறி வேறு மந்தையில் சேர்ந்த ஆடுகளை எல்லோரும் கொண்டுவருவார்கள். ஏனோக் ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்று, ஒவ்வொருவரையும் வீட்டுப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் வந்து தன் ஆட்டை வாங்கிக்கொண்டு போவான். அப்புறம் சாப்பாடு, பாட்டு, தலைவலி. "ஆடு இருக்கறவனைத்தான் கூப்பிடுவாங்க," என்று முடித்தான்.

பெர்னிஸ் தன் பாதிப் பணியாரத்தைச் சற்று மெதுவாக மென்றார். அவ்வளவுதான்.

வீட்டுப் பெயர் என்றால் என்ன என்று எனக்கு நேற்றே தெரிந்துவிட்டது. கடைக்குள் நுழைந்ததும் திர்சா என்னைப் பார்த்து, "நீ யாரோட தம்பி?" என்றாள். ஸ்மித் என்றேன். "அது சரி கண்ணு. யாரோட ஸ்மித்?" என்றாள். பெர்னிஸ் பின்னாலிருந்து, "என்னோட," என்றார். திர்சா தலையாட்டிவிட்டுப் பீர் ஊற்றினாள். முகத்துக்கு நேரே எல்லோரும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் கழிப்பறைக்குள் இருக்கும்போது வெளியே இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: பெர்னிஸோட ஸ்மித் ரொம்ப நேரமா உள்ளயே இருக்கான், வயிறு சரியில்ல போல.

காலடியில் குரல் கேட்டது. மூட்டைகளைக் கீழே இறக்குவதற்காகத் தரையில் ஒரு பலகைக் கதவு இருந்தது. கீழ்ப்பக்கத்திலிருந்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அதன் இடுக்கில் கண்ணை வைத்தால் கீழே மதுக்கடை தெரிந்தது. சரியாகச் சொன்னால், டாக்டர் ஆஷ்காம்பின் வழுக்கை தெரிந்தது. வெளியே போக வழியில்லாத ஒரு கூட்டம் கிடைத்ததும் அவர் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ரேவன் என்றால் அண்டங்காக்கை. ஸ்லாக் என்பது ஆயிரம் வருடத்துக்கு முன் கப்பலில் வந்து இந்த மலைகளில் குடியேறிய வடக்கத்தியரின் சொல், ஆழமில்லாத பள்ளம் என்று பொருள். அண்டங்காக்கைப் பள்ளம். எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு பண்ணை இருந்திருக்க வேண்டும், அதில் வாழ்ந்த ஒரே குடும்பத்திலிருந்து இந்தப் பெயர் கிளைத்திருக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்சி. காக்கை அவர்களுடைய கொடியில் பறந்த வீரச்சின்னமாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

"செத்த ஆட்டைப் போடற பள்ளம் அது," என்றான் ஆமோஸ், என் காதருகே. "காக்கா பின்ன எதுக்கு வரும்."

டாக்டர் தொடர்ந்தார். இன்று இந்த நாடு முழுவதும் தேடினால் இருநூறு ரேவன்ஸ்லாக்குகள் தேறுவார்கள். அவர்களிலும் முக்கால்வாசி இந்த ஒரு பள்ளத்தாக்கில். பாண்டாக் கரடிகூட இதைவிட அதிகம். பக்கத்து மேஜைக்காரர், பாண்டாவுக்கு வரி கிடையாதே என்றார். லட்சக்கணக்கான ஸ்மித்துகளின் சார்பில் எனக்கு லேசான வெட்கம் வந்தது.

"இது சாதாரணப் பெயர் இல்லைங்க," என்றார் டாக்டர். "லண்டன்ல ஒருத்தர் இந்தப் பேரைச் சொன்னா பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பாங்க. இந்த ஊர்க்காரங்க இதை எவ்வளவு பெருமையா சொல்றாங்கன்னு நானே காதால கேட்டேன்."

பெர்னிஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஸ்மித். நேத்துல இருந்து இந்த ஊர்ல யார் வாயிலயாவது ரேவன்ஸ்லாக்குங்கற வார்த்தை வந்து கேட்டியா?"

யோசித்தேன். கடைப் பலகையில் படித்திருந்தேன். டாக்டர் வாயில் கேட்டிருந்தேன். வேறெங்கும் இல்லை.

பெர்னிஸ் திரும்பினார். "ஆமோஸ், பனியில ஒருத்தர் எதிர்ல வந்து யாருன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"மேட்டுவீட்டுப் பெக்கியோட ஆமோஸ்னு சொல்வேன்."

"கேக்கறவர் வெளியூர்க்காரர். பெக்கியை அவருக்குத் தெரியாது."

"அதுக்கு நான் என்ன பண்றது. எங்கம்மா பெக்கி. நான் பெக்கியோட ஆமோஸ்தானே."

"ரேவன்ஸ்லாக்னு சொல்ல மாட்டீங்களா?"

ஆமோஸ் அவரை ஒருவிதமாகப் பார்த்தான். இரண்டு கால் இருக்கிறது என்று சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்வீர்களா என்று கேட்டது போல. "அது எல்லாரும்தான் மேடம். அதைச் சொல்லி என்ன தெரியும்? போஸ்ட்மேனே அந்த வார்த்தையைப் படிக்கறது இல்ல."

பெர்னிஸ் எழுந்து கதவைத் தட்டினார். பதில் வர நேரமானது. ஆனால் ஆள் அங்கேதான் இருந்தார். கதவின் கீழிடுக்கில் பூட்ஸின் நிழல் தெரிந்தது. இவ்வளவு நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

"பேசியாச்சு கிளைவ். திறங்க."

"போலீஸ் வந்ததும் திறக்கறேன் மேடம். அதுதான் விதி."

"எந்த விதி?"

"இப்பதான் போட்டது." குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. "திர்சா காலையில இருந்து நிக்கறா. நான் போய் ஏனோக் பக்கத்துல கொஞ்சம் உக்காரறேன்."

பூட்ஸ் நிழல் மறைந்தது. கல்படியில் காலடி இறங்கியது. எங்கோ தூரத்தில், வெள்ளத்தின் இரைச்சலுக்கும் அப்பால், ஒரு எந்திரம் முனகுவது கேட்டது. ஆமோஸ் தலையை நிமிர்த்தினான். அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். டிராக்டர்.

நான் கதவைத் தோளால் ஒரு தடவை இடித்துப் பார்த்தேன். கதவு கருங்காலி ஜாதி. தோள் ஸ்மித் ஜாதி.

"தோளை விடு. தரைக்கு வா," என்றார் பெர்னிஸ்.

பெரிய உடம்பை மடித்துப் பலகைக் கதவின் மேல் குப்புறப் படுத்து, இடுக்கில் வாயை வைத்தார். இப்படி ஒரு கோலத்தில் அவரை நான் பார்த்ததில்லை. பார்த்ததாக வெளியே சொல்லக் கூடாது என்று கண்ணாலேயே சொன்னார்.

"டாக்டர் ஆஷ்காம்ப். மேல பாருங்க."

கீழே வழுக்கை மறைந்து முகம் வந்தது. உத்தரம் தன்னிடம் பேசுவதை அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"அன்னிக்குப் பனியில பார்த்த ஆள் உங்ககிட்ட என்ன சொன்னார்? வார்த்தைக்கு வார்த்தை வேணும்."

"அதான் ஏற்கெனவே சொன்னேனே. ஆமோஸ்னு—"

"அது நீங்க சுருக்கிச் சொன்னது. அவர் சொன்னது வேணும்."

டாக்டர் லேசாகச் சிலிர்த்துக்கொண்டார். பெயர்கள் தன் தொழில் என்றும், பெயர் விஷயத்தில் ஒரு எழுத்துக்கூடத் தன்னிடம் தவறாது என்றும் சொன்னார். அந்த ஆளின் முகம் மூக்கு வரை கழுத்துத் துணியில் மூடியிருந்தது, குரல் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. ஆனால் தொப்பியைக் கழற்றினான். கழற்றிவிட்டுச் சொன்னான்.

"'நான் ஆமோஸ் ரேவன்ஸ்லாக்.' அவ்வளவுதான். எனக்கு மெய் சிலிர்த்துப்போச்சு."

கீழே ஒரு டோமினோ கட்டை மேஜையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. அதுவரை கடையில் இருந்த எல்லாச் சத்தங்களும் ஒவ்வொன்றாக நின்றன. குழாயை மூடினால் சொட்டு நிற்குமே, அப்படி.

முதலில் பேசியது ரூத். ஆமோஸின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக அடுப்போரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். "எங்க ஆள் அப்படிச் சொல்ல மாட்டாரு," என்றாள். அவ்வளவு மெதுவாக.

"எவனும் சொல்ல மாட்டான்," என்றது ஒரு கிழக்குரல்.

நாற்காலிகள் நகர்ந்தன. இடுக்கு வழியே பார்த்தால், வழுக்கையைச் சுற்றி ஒரு வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. பொய் சொன்னீங்களா அய்யா என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் எங்களைப் பார்த்தார். பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டவர்கள் பட்டியலில் அவரும் சேர்ந்துவிட்டார்.

பள்ளத்தாக்குக்காரன் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டான். அப்படியானால் சொன்னதாகச் சொல்கிறவர் பொய்யர். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன், கொஞ்சம் பெருமையோடு.

"அவரை விடுங்க," என்றார் பெர்னிஸ், தரையிலிருந்தபடியே. "பொய் சொல்றவங்க கேக்காததையும் சேர்த்துச் சொல்வாங்க. இருபது வருஷம் அதைத்தான் படிச்சேன். இவர் கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லலை. அதனால நான் இன்னும் ஒண்ணு கேக்கறேன். டாக்டர், அந்த ஆள் தனியாவா வந்தார்?"

"தனியாத்தான். ஆடு ஒண்ணு கூட இருந்துச்சு, கயித்துல."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"ஆட்டுக்காரங்க ஊர்ல ஆடு இருந்துச்சுன்னு சொல்றதா மேடம்?"

"எப்படி இருந்துச்சு?"

"ஆடு மாதிரி." டாக்டர் யோசித்தார். லண்டன்காரருக்கு ஆடு என்றால் குழந்தைகள் புத்தகத்தில் இருக்கும் ஆடுதான். "வெள்ளை மூஞ்சி. சுத்தமா இருந்துச்சு. எல்லா ஆடும் அப்படித்தானே?"

இந்த முறை வந்த அமைதி வேறு மாதிரி. முதல் அமைதியில் கோபம் இருந்தது. இதில் எல்லோரும் ஒரே பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். பின்கொல்லைப் பக்கம். அப்புறம், பார்க்கக் கூடாது என்று தெரிந்தும், கல்லாவுக்குப் பின்னால் நின்ற திர்சாவின் பக்கம்.

திர்சா கையிலிருந்த கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"அவரு அதை மேட்டுக்கு இழுத்துட்டுப் போய் ஏனோக்குகிட்ட காட்டணும்னு சொல்லிட்டு இருந்தாரு," என்றாள். "இந்த வருஷக் கூட்டத்துல தன்னையும் கூப்பிடச் சொல்லிக் கேக்கணும்னு. இருபத்தாறு வருஷமா ஓரமா நின்னு பீப்பாயையே பார்த்துட்டு இருக்காரு, பாவம்." குவளையைக் கீழே வைத்தாள். "எங்க அவரு? உங்க கதவுகிட்டதானே நிக்கறாரு?"

"இல்லை," என்றேன். "ஏனோக் பக்கத்துல உக்காரப் போனார்."

இதை இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்து நடந்ததில் நிறைய சத்தமும் கொஞ்சம் ஒழுங்கும் இருந்தது. திர்சா பின்கட்டுக்கு ஓடினாள். ரூத் அடுப்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மேஜை மேல் ஏறி, பலகைக் கதவின் ஆணிகளைப் பிடுங்கினாள். இரண்டு நாளாக அவள் அதைத்தான் செய்ய ஆசைப்பட்டிருப்பாள் என்று தோன்றியது. கதவு தொங்கியது. ஆமோஸ் முதலில் ஒரு மூட்டையைத் தள்ளினான், அதன் மேல் இன்னொன்று, அப்புறம் என்னை, அப்புறம் தான். கடைசியாகப் பெர்னிஸ் இறங்கினார். அவரைப் பிடிக்க நீட்டிய கைகளில் ஒன்று டாக்டர் ஆஷ்காம்புடையது. இன்றும் அந்தத் தோளில் வலி இருக்கிறது என்று கேள்வி.

ஏனோக் படுத்திருந்த அறையின் கதவு திறந்தே இருந்தது. திர்சா வாசலில் நின்றுவிட்டிருந்தாள். அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

கிளைவ் கட்டிலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தலையணை. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரமாக அப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியவில்லை. செய்ய வந்தவரால் செய்ய முடியவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஏனோக்கின் கண்கள் திறந்திருந்தன.

வாசலில் கூடிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கிழவர் கடைசியில் ரூத்தைக் கண்டுபிடித்தார். குரல் காய்ந்த இலை மாதிரி வந்தது.

"உன் ஆள் இல்ல கண்ணு. திர்சாவோட கிளைவ். கல்யாணப்பொண்ணு ஒண்ணைக் கயித்துல கட்டிக் கூட்டிட்டு வந்தான். என்னை மேலேருந்து கீழ வரைக்கும் சிரிக்க வச்சான். சிரிச்சிருக்கக் கூடாது. தள்ளிட்டான்." மூச்சு வாங்கினார். "கல்லு பின்னாடி இருக்கறது அவனுக்கும் தெரியாது, எனக்கும் ஞாபகம் இல்ல."

ரூத் திரும்பி ஆமோஸின் தோளில் கோட்டைப் போட்டாள். பொத்தானைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் போடுவது போல.

கிளைவ் மட்டும் அசையவில்லை.

"என்ன சொன்னார்?" என்றார்.

"கேட்டீங்கள்ல," என்றாள் திர்சா. "ஏன் இப்படிப் பண்ணீங்க? ஆமோஸ் பேரை எதுக்குச் சொன்னீங்க?"

"பனியில திடுதிப்புன்னு அந்த டாக்டர் யாருன்னு கேட்டாரு. என் பேரைச் சொல்லப் பயம். வாயில எது வந்துச்சோ அது." அது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. "அதைக் கேக்கலை திர்சா. என்னை இப்ப என்னன்னு சொன்னார்?"

"திர்சாவோட கிளைவ்னு சொன்னாரு. ஊரே அப்படித்தானே சொல்லுது. நாம கல்யாணம் பண்ணின வாரத்துல இருந்து."

"என்கிட்ட யாரும் சொன்னது இல்லையே."

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? நீங்க இல்லாதப்ப உங்களைப் பத்திப் பேசத்தானே அந்தப் பேரு."

கழிப்பறைக்கு வெளியே கேட்ட இரண்டு குரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. ஒரே நாளில், வயிற்று உபாதை தயவில், நான் சம்பாதித்துவிட்ட விஷயம் அது. இந்த மனிதர் அதற்காக இருபத்தாறு வருடம் காத்திருந்து, பெயரை மாற்றி, ஆறு ஆடு வாங்கி, ஒரு கிழவரைத் தள்ளி, ஒருவனைச் சிறைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார். அது அவரிடம் முதல் வாரத்திலிருந்தே இருந்திருக்கிறது. சொல்ல ஒரு நகைச்சுவை தேடினேன். அகப்படவில்லை.

பெர்னிஸ் குனிந்து கிளைவின் மடியிலிருந்து தலையணையை எடுத்து, ஏனோக்கின் தலைக்குக் கீழே மெதுவாக வைத்தார்.

வாசலில் டிராக்டர் வந்து நின்றது. கழுத்துவரை சேறும், கையில் ஈரம்படாமல் காப்பாற்றிய குறிப்பேடுமாக ஒரு போலீஸ்காரர் கடைக்குள் வந்தார். நகரத்து ஆள். சுற்றிலும் பார்த்தார்.

"இங்க ரேவன்ஸ்லாக் யாரு?"

மொத்தக் கடையும் அவரை அனுதாபத்தோடு பார்த்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிழவரை அடித்தது யார் என்று வேறு விதமாகக் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆமோஸ்கூடத் திறக்கவில்லை, கோட்டின் கடைசிப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாவியை எடுக்க வராத கைகளுக்கு ஆளைக் காட்டவும் வரவில்லை. பெர்னிஸ் என் கையை லேசாகப் பிடித்தார். நானும் சும்மா இருந்தேன்.

பின்கட்டிலிருந்து கிளைவ் வந்தார். மாடிச் சாவியை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். தொப்பியை மட்டும் இந்தத் தடவை கழற்றவில்லை.

"நான்தான். திர்சாவோட கிளைவ்."

போலீஸ்காரர் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "முழுப் பேரைச் சொல்லுங்க," என்றார்.

கிளைவ் ஒரு தடவை திரும்பிக் கடையைப் பார்த்தார். கண்கள் எல்லாம் அவர்மேல்தான் இருந்தன. கிழக்குரல்காரர் மட்டும் மெதுவாகத் தலையசைத்தார்.

"அதான் முழுப் பேரு," என்றார் கிளைவ்.